புகையா, பனியா? சமய மெய்யியலுக்குள் ஒரு முதல் நடை

மெய்யியல், அதாவது தத்துவம், படித்தவன் என்று தெரிந்ததும் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் என்னிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். “அப்படியென்றால் தம்பி சாமி கும்பிடுவதில்லையா?” என்பது ஒன்று. “படித்தவர் நீங்களே சொல்லுங்கள், நேர்ந்துகொண்டால் பலிக்குமா, பலிக்காதா?” என்பது மற்றது. முதலாமவர் சமய மெய்யியலை நாத்திகத்தின் இன்னொரு பெயர் என்று எண்ணுகிறார். இரண்டாமவர் அதைக் குறி சொல்லும் கலையோடு சேர்க்கிறார். இருவர் மேலும் எனக்குக் குறை இல்லை. “தத்துவம் பேசாதே” என்றால் வேலையைக் கெடுக்காதே என்று பொருள்படும் அளவுக்கு அந்தச் சொல் நம்மிடையே தேய்ந்துவிட்டது. சமயத்தைப் போதிப்பவரும் அதைச் சாடுபவரும் தங்கள் பேச்சுக்கு அந்த ஒரே பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இது வருத்தம் தருகிறது. சமய மெய்யியலின் கேள்விகளில் பெரும்பாலானவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே நான், தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயத்தின் வாசலில் கேட்டிருக்கிறேன். அப்பாயி கேட்டார். கவ்வாத்துக்குப் போகிற மாமா கேட்டார். இழவு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். கேள்விகள் அவர்களுடையவை. அவற்றைப் பிரித்து அடுக்கிப் பார்க்கும் முறையைத்தான் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்தது. அந்த முறையை இங்கே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கூரைக்கு மேலே எழும்பும் வெள்ளை

விடியற்காலை ஐந்தரை மணி. எங்கள் லயத்துக்கு எதிர்மலையில் இன்னொரு லயம். இடையில் ஓர் ஓடை. அப்பாயி வாசலில் நின்று எதிரே பார்த்து, “அங்கே எழும்பிவிட்டார்கள், அடுப்பு எரிகிறது” என்பார். எனக்கோ கூரைக்கு மேலே வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் மலையில் எங்கே பார்த்தாலும் வெள்ளைதான். “அது பனியாக இருந்தால்?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். பனி ஓடைப் பள்ளத்திலிருந்து படர்ந்து ஏறுகிறது, விரித்த பாய் போலக் கிடக்கிறது. புகை தகரத்தின் கறுத்த மூலையிலிருந்து நூலாகக் கிளம்பி, கொஞ்சம் உயர்ந்த பிறகு காற்றின் போக்கில் சாய்கிறது. “பனிக்கு வேர் இல்லை. புகைக்கு வேர் உண்டு” என்றார்.

அப்பாயி செய்ததற்கு இந்திய அளவை (தருக்க) நூல்கள் வைத்த பெயர் அனுமானம். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் கொண்டு தெரியாத இன்னொன்றை அறிவதுதான் அது. சைவ சித்தாந்த நூல்கள் நாம் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகத் தொகுக்கின்றன. நேரில் பார்ப்பது காண்டல். பார்த்ததைக் கொண்டு கணிப்பது கருதல், அதாவது அனுமானம். நம்பத்தக்கவர் சொல்ல ஏற்பது உரை. புகையைக் கண்டு நெருப்பை அறிவது அந்த மரபு முழுவதும் வரும் எடுத்துக்காட்டு. கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும்: ஆவியையோ பனியையோ புகையென்று மயங்கினால் அங்கிருந்து எழும் அனுமானம் பிழை. மலையில் பிறந்தவனுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இப்போது கொஞ்சம் பெரிய அனுமானத்துக்குப் போவோம். சரிவில் தேயிலை வரிசை வரிசையாக நிற்கிறது. யாரோ நட்டிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. “தேயிலை வரிசைக்கே ஓர் ஆள் வேண்டுமென்றால் இந்த மலைக்கும் மழைக்கும் ஆள் வேண்டாமா?” என்று எங்கள் பூசாரி கேட்பார். 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வைத்த வாதம் இதற்கு நெருங்கிய உறவு. உலகத்துப் பொருள்கள் தோன்றுகின்றன, நிலைக்கின்றன, ஒடுங்குகின்றன. தாமாக இதைச் செய்துகொள்ளும் அறிவு அவற்றுக்கு இல்லை. எனவே செய்விப்பவன் ஒருவன் உண்டு.

18ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் இத்தகைய வாதங்களுக்கு எழுப்பிய தடையும் எளிதில் விளங்கக்கூடியது. புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். தேயிலை நடுகிறவரையும் பார்த்திருக்கிறோம். உலகம் ஒன்று உண்டாக்கப்படுவதை யாரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்தது ஒரே ஓர் உலகம். அதை மட்டும் வைத்துக்கொண்டு, பலமுறை பார்த்துப் பழகியதால் பிறக்கும் அனுமானத்தைச் செய்யலாமா?

மெய்கண்டார் வழியில் நிற்பவர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. ஹியூம் வழியில் நிற்பவர்களிடம் அதற்கு மறுவிடை இருக்கிறது. அந்த வழக்கை இன்று தீர்க்கத் தேவையில்லை. இரு தரப்பும் கேட்பது நான் அப்பாயியிடம் கேட்டதைத்தான் என்பதைக் கவனித்தால் போதும். எதிரே தெரிகிற இது புகையா, பனியா?

சமயம் சொல்கிறவற்றுக்கு என்ன பொருள், அவற்றை ஏற்கவோ மறுக்கவோ என்ன காரணம் என்று ஆராய்வதே சமய மெய்யியல். ஒரு சமயத்தை ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளே நின்று அதை விளக்குவது இறையியல். இறையியலாளர் வீட்டுக்காரர், அறைகளை ஒழுங்குபடுத்துவார். மெய்யியலாளர் அத்திவாரத்தைத் தட்டிப் பார்க்க வந்தவர். அவரும் அதே வீட்டில் குடியிருக்கலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. இந்த வேலை தமிழுக்குப் புதிதும் இல்லை. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டு அறிவதற்கென்று அந்தக் காப்பியத்தில் ஒரு முழுக் காதையே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கல்லும் மூன்று அடுக்கும்

தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிட்டு மறுபடி தளிர்க்கவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்போம். ஆண்கள் செய்யும் வேலை. கத்தி வளைந்திருக்கும், நன்றாகத் தீட்டியிருக்கும். வழுக்குகிற சரிவில் நின்று வீசும்போது ஒரு வீச்சு தவறினால் வெட்டு முழங்காலில் விழும். அதனால் வேலை தொடங்கும் நாளில் மலையடியில் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கத்திகளை அதன் முன்னே வரிசையாகக் கிடத்தித் தேங்காய் உடைப்பார்கள். அந்தக் கல்தான் கவ்வாத்துச் சாமி. கொழுந்து பறிக்கிற இடத்தில் கொழுந்துச் சாமி உண்டு. ஆலையில் சுழலும் பெரிய சக்கரத்துக்கு ரோதைமுனி உண்டு. எந்தப் புராணத்திலும் இல்லாத இந்தச் சாமிகளை நம்முடைய முன்னோர் வேலையிலும் பயத்திலும் கண்டெடுத்தார்கள்.

ஒரு வருடம் கவ்வாத்து முடிந்த மாலையில் மாமா கால் கழுவிக்கொண்டே “சாமி காத்தது” என்றார். இரண்டே சொற்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

அடியில் இருப்பது நடந்தது. அந்த முறை ஒருவர் காலிலும் கத்தி படவில்லை. இதைப் பக்தனும் நாத்திகனும் ஒன்றாக ஒப்புக்கொள்வார்கள். அதன் மேல் பொருள்கோள். நடந்த ஒன்றை இன்னதாக எடுத்துக்கொள்வதைத்தான் பொருள்கோள் என்கிறேன். காயமில்லாமல் முடிந்ததை மாமா ஒரு காவலாக உணர்ந்தார். அதற்கும் மேலே கூற்று, அதாவது உண்மையா பொய்யா என்று கேட்கத்தக்க ஒரு வாக்கியம். ‘இந்த மலையில் ஆட்களைக் காக்கும் சக்தி ஒன்று இருக்கிறது’ என்பது கூற்று.

நம் ஊர்ச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த அடுக்குகளைக் குழப்புவதால் வருகின்றன. பட்டணத்தில் படித்துவிட்டு வரும் பையன் மேலடுக்கை மறுக்கப்போய், நடு அடுக்கையும் சேர்த்து உடைக்கிறான்: “மாமா பொய் சொல்கிறார்.” மாமா பொய் சொல்லவில்லை, தான் உணர்ந்ததைச் சொன்னார். மறுபக்கம், நடு அடுக்கில் இருக்கும் உணர்வின் அழுத்தத்தையே மேலடுக்குக்குச் சான்றாக வைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள்: “எனக்குத் தெரிகிறதே, வேறென்ன வேண்டும்?” அழுத்தமாக உணர்ந்தோம் என்பது ஒரு செய்தி. அதிலிருந்து என்ன பெறப்படுகிறது என்பது வேறு கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்திகளை வரிசையாகக் கிடத்தும் அந்த ஐந்து நிமிடத்தில் மாமா ஒரு கத்தியை எடுத்துப் பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதை வெளியே வைத்ததை நான் கண்டேன். பிடி தளர்ந்திருந்தது. அந்தப் பூசை உலகத்தைப் பற்றிய கூற்று மட்டும்தானா? ஆபத்தான வேலையைத் தலைவணங்கித் தொடங்கும் ஒழுக்கமும் அதில் இருக்கிறது. சமயச் செயல் எல்லாவற்றையும் வாக்கியமாக மாற்றிச் சரியா பிழையா என்று மட்டும் கேட்பவர், தளர்ந்த பிடியைக் கவனிக்காமலே போய்விடுவார்.

இதுவரை வந்த வழியை ஒரு மூச்சில் பார்த்துக்கொள்வோம். தெரிவதிலிருந்து தெரியாததற்குப் போவது அனுமானம். நடந்தது, பொருள்கோள், கூற்று மூன்றும் வெவ்வேறு. யாராவது “சாமி” என்று தொடங்கினால், அவர் எந்த அடுக்கில் நின்று பேசுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அருள் இறங்கிய இரவு

மாரியம்மன் திருவிழாவில் கரகம் புறப்படும் நேரம். தப்புப் பறையின் வேகம் ஏறியது. என் பக்கத்தில் நின்ற அத்தையின் கை முதலில் நடுங்கியது, பிறகு தோள். பிறகு அவர் என் அத்தையாக இல்லை. அரை மணி நேரம் ஆடி ஓய்ந்து, திருநீறு பூசியபின் தண்ணீர் கேட்டார். மறுநாள் “என்ன ஆயிற்று அத்தை?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சொல்லத் தெரியவில்லை. ஆனால் வந்தது யார் என்று தெரிந்தது” என்றார்.

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் ஆற்றிய விரிவுரைகளில் இவ்வகை அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார். சொல்லில் அடங்காது. ஆனாலும் ஏதோ ஒன்றை அறிந்தோம் என்ற உறுதி தரும். நெடுநேரம் நிற்காது. நாமாக வரவழைத்ததாக இராது, நம்மை ஆட்கொண்டதாக இருக்கும். அத்தையின் இரண்டு வாக்கியங்களில் முதல் இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. மற்ற இரண்டை நான் கண்ணால் பார்த்தேன். ‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்ற நம்முடைய பழமொழி முதல் அடையாளத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. தன்னைவிடப் பெரிதான ஒன்றை நேரில் சந்தித்ததாக ஒருவர் உணர்வதைத்தான் சமய அனுபவம் என்கிறோம்.

இது எதையாவது நிறுவுமா? ஆங்கிலேய மெய்யியலாளர் ரிச்சர்ட் ஸ்வின்பேர்ன் ஒரு பொது விதியிலிருந்து தொடங்குகிறார். ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றினால், ஐயப்பட வலுவான காரணம் இல்லாதவரை, அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே முறை. எதிரே செடி தெரிந்தால் செடி இருக்கிறது என்றுதான் வாழ்கிறோம். முதலில் கண்ணை நிரூபித்துவிட்டு வா என்று யாரும் கேட்பதில்லை. சமய அனுபவத்துக்கு மட்டும் அந்தச் சலுகையை ஏன் மறுக்க வேண்டும்?

மறுப்பவர்கள் சொல்வது இது: விரதம், தூக்கமின்மை, தப்பின் தாளம், கூட்டத்தின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்தால் உடம்பு இப்படி ஆடும். சரி. ஆனால் உடம்பில் காரணம் இருக்கிறது என்பதாலேயே கண்டது பொய்யாகிவிடாது. செடியைப் பார்க்கும்போதும் கண்ணிலும் மூளையிலும் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. இதைவிட வலுவான தடை வேறு. செடி இருக்கிறதா என்று ஐயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டலாம், தொட்டுப் பார்க்கலாம். அத்தை கண்டதை நான் எப்படிச் சரிபார்ப்பேன்?

வெளியிலிருந்து எழுதுகிற பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. நம் ஆட்கள் சரிபார்க்காமல் விடுவதில்லை. ஆடுகிறவரை நிறுத்தி, “வந்திருப்பது யார், சொல்” என்று பூசாரி கேட்கிறார். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிப் பார்க்கிறார்கள். எல்லா ஆட்டத்தையும் அருள் என்று ஏற்பதில்லை. சிலவற்றைப் பேய் என்கிறார்கள், சிலவற்றைப் பாசாங்கு என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் போதுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அனுபவத்தைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் திருவிழாக் களத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜேம்ஸ் தந்த அளவுகோல் இன்னும் பொறுமையானது: பிறகு வந்த நாட்களில் அந்த மனிதரின் வாழ்வில் என்ன காய்த்தது என்று பார்.

ஒரே பாதம், நான்கு பெயர்

இலங்கையின் சிவனொளிபாத மலையின் உயரம் 2243 மீற்றர். மார்கழிக்கு முன்னும் பின்னுமாக டிசம்பர் போயா (பௌர்ணமி) நாளில் தொடங்கி, மே மாதத்து வெசாக் போயாவரை யாத்திரைக் காலம். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் பாறையில் ஒரு பள்ளம், பாதத்தின் வடிவில். சைவர் அதைச் சிவனின் பாதம் என்கிறார்கள். பௌத்தர் புத்தரின் பாதம் என்கிறார்கள். முஸ்லிம்களின் மரபு அதை ஆதாமோடு இணைக்கிறது. அந்த நினைவோடுதான் மொரோக்கோப் பயணி இபன் பதூதா 1344இல் இந்த மலையில் ஏறினார். கிறிஸ்தவர்களில் சிலர் ஆதாமையும், சிலர் புனித தோமாவையும் சொல்கிறார்கள்.

முன்பு சொன்ன அடுக்குகளை இங்கே வைத்துப் பாருங்கள். அடியில் இருப்பது ஒன்றே: பாறையும் பள்ளமும், இரவெல்லாம் ஏறி வலித்த கால்களும், கிழக்கே வெளுக்கும் நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக அடங்குவதும். நடு அடுக்கில் நான்கு பார்வைகள். ஆங்கிலேயரான ஜோன் ஹிக் இதை ‘இன்னதாக அனுபவித்தல்’ என்று விளக்கினார். நாம் எதையும் வெறுமனே பார்ப்பதில்லை. நம் மரபு பழக்கிய கண்ணால் ஒன்றை இன்னதாகப் பார்க்கிறோம். அதிலிருந்து அவர் சமயப் பன்மைவாதத்துக்குப் போனார். இறுதி உண்மை ஒன்று, அதற்கு மனிதர் தரும் மறுமொழிகள் பல என்பதே அந்தக் கொள்கை.

மலையேறும்போது இது மிக உண்மையாகத் தோன்றும். முன்பின் தெரியாத சிங்கள மூதாட்டி ஒருவர் “கருணாவை” என்று சொல்லி வழிவிட்டபோது எனக்கும் தோன்றியது. ஆனால் மேலடுக்குக்கு வந்தால் சிக்கல் தொடங்குகிறது. பள்ளத்தை உண்டாக்கியது யாருடைய பாதம் என்று வரலாறாகக் கேட்டால் நான்கு விடையும் சேர்ந்து சரியாக இருக்க முடியாது. ‘எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன’ என்பது நல்ல மனத்தோடு சொல்லப்படும் வாக்கியம்தான். இருந்தாலும் அது ஒவ்வொருவரும் உண்மையில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காத வாக்கியம் என்றே நான் நினைக்கிறேன். உலகத்தைப் படைத்த இறைவன் என்ற எண்ணம் பௌத்தத்தில் இல்லை. அதை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசினால், அந்த மூதாட்டியை நான் மதித்ததாக ஆகாது.

நம்பிக்கை என்ற சொல்லில் இரண்டு வேலை

‘நாளைக்கு மழை வரும் என்று நம்புகிறேன்.’ ‘உன்னை நம்புகிறேன்.’ இரண்டிலும் ஒரே வினை. முதலாவது ஒரு கூற்றை ஏற்பது. இரண்டாவது ஓர் ஆளிடம் தன்னை ஒப்படைப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், சமய நம்பிக்கை பற்றிய பேச்சில் ஒருவர் முதலாவதைக் கேட்க, மற்றவர் இரண்டாவதுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தனி ஃப்ளூ என்ற ஆங்கிலேய மெய்யியலாளர், ஜோன் விஸ்டம் என்ற இன்னொரு மெய்யியலாளர் முன்பு சொன்ன கதை ஒன்றை எடுத்து 1950இல் ஒரு கேள்வியாகக் கூர்மைப்படுத்தினார். அதைத் தேயிலைக்கு மாற்றிச் சொல்கிறேன். கைவிட்ட மலையொன்றில் காட்டுக்கு நடுவே சில செடிகள் மட்டும் ஒழுங்காக நிற்கின்றன. “யாரோ வந்து பராமரிக்கிறார்கள்” என்கிறார் ஒருவர். இருவரும் இரவு பகலாகக் காவலிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. “அவர் கண்ணுக்குத் தெரியாதவர்” என்கிறார். நாயைக் கட்டிப் பார்க்கிறார்கள், குரைக்கவில்லை. “அவருக்கு வாசமும் கிடையாது” என்கிறார். ஃப்ளூவின் கேள்வி இதுதான்: என்ன நடந்தால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று ஒப்புக்கொள்வீர்கள்? எது நடந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றால், நீங்கள் உலகத்தைப் பற்றி எதையாவது சொல்கிறீர்களா? ஒரு கூற்றைப் பொய்யென்று காட்டக்கூடிய நிலை எதுவென்று கேட்பதற்குப் பொய்ப்பித்தல் சோதனை என்று பெயர்.

சாதாரண தரப் பரீட்சை முடிவு வரும் நாளில் லயத்தில் இதே சோதனை நடக்கும். தேறினால் “மாரியம்மா கைவிடவில்லை.” தவறினால் “அம்மா சோதிக்கிறாள்.” இதைக் கேட்கும் பையன் சலித்துப்போவதில் நியாயம் இருக்கிறது. எல்லா முடிவுக்கும் பொருந்தும் விளக்கம் எந்த முடிவையும் விளக்குவதில்லை.

ஆனால் நம்பிக்கையின் இரண்டாவது வேலையை மறந்தால் ஃப்ளூவுக்கு வெற்றி மலிவாகக் கிடைத்துவிடும். அதே விவாதத்தில் பசில் மிச்செல் என்பவர் இன்னொரு கதையால் விடை சொன்னார். அதன் சாரத்தை நம் வாழ்க்கையில் வைத்துச் சொல்கிறேன். தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். “தை மாதம் வந்துவிடுவேன், பார்” என்று கன்னத்தைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். தை போய்விட்டது. இரண்டு மாதமாகத் தொலைபேசியும் இல்லை. அக்கம்பக்கம் ஏதேதோ பேசுகிறது. பிள்ளை தாயை நம்புகிறது. எதிரான சான்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு மாலையும் அதைச் சுடுகிறது. ஆனாலும் போகும்போது கண்ட முகத்தை வைத்து அது காத்திருக்கிறது. இந்த நம்பிக்கையை மடமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்தக் கட்டத்தில் அது மடமையாகும் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. பக்தர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஃப்ளூவின் சோதனை கூற்றை ஏற்கும் நம்பிக்கைக்கு நேராகப் பொருந்துகிறது. ஓர் ஆளிடம் வைத்த நம்பிக்கையையும் சான்று பாதிக்கும், ஆனால் வேறு விதமாக, வேறு வேகத்தில்.

மலை சரிந்த காலை

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு வாரம். பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. எங்கள் தோட்டம் அங்கிருந்து தொலைவில் இருக்கிறது. அன்று முழுவதும் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாயி ஒன்றே ஒன்று கேட்டார்: “அவர்களும் நம்மைப் போல விளக்கு வைத்தவர்கள்தானே?”

சமய மெய்யியலில் மிகப் பழமையான கேள்வி அதுதான். இறைவன் எல்லாம் வல்லவன். இறைவன் முழுதும் நல்லவன். உலகில் கொடுந்துன்பம் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வது எப்படி என்பதைத் தீமைச் சிக்கல் என்கிறார்கள். கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸ் பெயரில் இது வழங்கிவருகிறது. துன்பத்துக்கு நடுவே இறைவனின் நீதியை நியாயப்படுத்தும் முயற்சிக்கு ஐரோப்பாவில் 1710இல் ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிற்ஸ் ஒரு சொல்லை உண்டாக்கினார். தமிழில் இறைநியாயம் எனலாம். 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த காலையில் லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தது. அவர்களும் விளக்கு வைத்தவர்கள்தான். இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்ற லைப்னிற்ஸின் விளக்கம் அதற்குப் பிறகு பலருக்கும் தொண்டையில் சிக்கியது.

முதல் விடை: மனிதருக்கு இறைவன் சுதந்திரம் கொடுத்தான், அதைத் தவறாக ஆண்டதால் தீமை வந்தது. கொலைக்கும் கொள்ளைக்கும் இது பொருந்தும். மழையில் ஊறிய மண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? அதனால் மெய்யியலார் மனிதர் செய்யும் தீமை, இயற்கைத் தீமை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவு பயனுள்ளதுதான். ஆனால் மலையகத்தில் நின்று பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடுவதில்லை. மீரியபெத்தை ஆபத்தான இடம், மக்களை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் வந்திருந்தது. சரிந்தது மலை. சரியக்கூடிய மலைக்குக் கீழே, எச்சரிக்கைக்குப் பிறகும், அந்த மக்கள் இருக்கும்படி ஆனது இயற்கையின் செயல் அல்ல. ‘ஆண்டவன் ஏன் இப்படிச் செய்தான்?’ என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மனிதரிடம் இருக்கின்றன. அவற்றை அவசரமாக ஆண்டவனிடம் தள்ளிவிடுவது சிலருக்கு வசதியாகவும் இருக்கும்.

நம்மிடையே அதிகம் கேட்கும் விடை வினை. ‘தலைவிதி’, ‘முற்பிறப்பில் என்ன செய்தோமோ.’ சைவ சித்தாந்தம் இதைப் பரிவோடு சொல்கிறது: பெற்றவர் பிள்ளையைக் கண்டிப்பதுபோல, வினைப்பயனைத் தருவதும் உயிரைப் பக்குவப்படுத்தும் அருளே. கோட்பாடாக அது உலகத்தின் ஏற்றத்தாழ்வுக்கு ஒரு காரணத்தைத் தருகிறது. ஆனால் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாமா? பாலி மொழிச் சூத்திரம் ஒன்றில் புத்தரிடம் இதே கேள்வி வருகிறது. மனிதர் படும் துன்பத்துக்கு அவர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாயு, இவை மூன்றும் சேர்வது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குவது, இவற்றோடு பழவினை. எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாமே பழவினை என்று சொல்வோர் தாமே அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். பருவ மாற்றமும் கவனக்குறைவும் அந்தப் பட்டியலில் தனித்தனியாக இருப்பதை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன்.

ஒரு விடை தருக்கத்தில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதை இழவு வீட்டில் சொல்லும்போது அது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் “உன் வினை” என்று சொன்னால் அது விளக்கமாகப் போய்ச் சேராது, குற்றச்சாட்டாகப் போய்ச் சேரும். வகுப்பறையில் நிற்கும் தீமைச் சிக்கல் வேறு. பாயில் உட்கார்ந்திருக்கும் தீமைச் சிக்கல் வேறு. முதலாவதுக்குக் காரணம் தேவை. இரண்டாவதுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவை.

நூல்களில் கொஞ்சமாகவும் லயத்தில் நிறையவும் காணப்படும் இன்னொரு நிலை உண்டு. அது சாமியை ஏசுவது. இறைவன் இல்லை என்று விடுவதும் இல்லை, அவன் செய்தது சரி என்று சமாதானம் ஆவதும் இல்லை. ஏசுவதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். அவரையும் நிறுத்திக் கேட்கக்கூடிய ஒரு நியாயமும் இருக்க வேண்டும். மூன்று வாக்கியங்களில் ஒன்றையும் கைவிடாமல், மூன்றின் முரணையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலை அது.

அன்று மாலை அப்பாயி லயத்துக் கோடியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார். கும்பிடப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அவர் கும்பிடவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “காலையில் எங்கே போயிருந்தாய்?” என்று கேட்டார். சற்று நேரம் அப்படியே நின்றார். விளக்குத் திரி கருகியிருந்தது. விரலால் அதைத் தூண்டிவிட்டு, கொண்டுபோன எண்ணெயை ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.